எம்.பி-800 தேர்வுக்கு ஆயத்தமாகும் முறை: கணக்குப் பிரிவிலிருந்து வருபவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை, குடியாத்தம் ஆகிய ஊர்களில் கணக்குப் பிரிவில் வேலை பார்த்துக்கொண்டே, ஒரு நிறுவனத்தின் கணக்கு, விற்பனை, கொள்முதல், சரக்கு ஆகியவற்றை ஒன்றாக நிர்வகிக்கும் மைக்ரோசாஃப்ட் டைனமிக்ஸ் 365 பிசினஸ் சென்ட்ரல் மென்பொருளுக்கான எம்.பி-800 சான்றிதழ்த் தேர்வை எழுத எண்ணுபவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் அத்தேர்வை எழுதி முடித்த பிறகு, வேலூரில் மாலை நேரங்களில் சிலருக்குப் பயிற்சி அளித்து வருகிறேன். அவர்களில் பெரும்பாலோர் பல ஆண்டுகள் டேலி கணக்கு மென்பொருளில் உழைத்தவர்கள். பற்று வரவு அவர்களுக்கு மனப்பாடம். இருந்தும் அவர்கள் தடுமாறுவதற்குக் காரணம், எதை முதலில் செய்வது என்ற வரிசை தவறிப்போவதே. ஆகவே இங்கே வரிசைக்கே முதலிடம் தருகிறேன்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

இரண்டு மின்னஞ்சல் முகவரிகள் தேவை. தேர்வுப் பதிவுக்கும் சான்றிதழ்க் கணக்குக்கும் உங்கள் சொந்த முகவரியையே கொடுங்கள். அலுவலக முகவரியைக் கொடுத்துத் தேர்ச்சி பெற்று, பிறகு வேறு நிறுவனத்துக்கு மாறியதும் தம் சான்றிதழைத் தாமே திறக்க முடியாமல் நின்றவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆனால் பயிற்சிக்காக மென்பொருளைத் திறக்கும்போது சொந்த ஜிமெயில் முகவரி செல்லாது. அலுவலக அல்லது கல்லூரி முகவரி கேட்கப்படும். அலுவலக முகவரியைப் பயன்படுத்த மேலாளரிடம் முன்கூட்டியே அனுமதி பெறுங்கள். அது கிடைக்காதவர்கள் மைக்ரோசாஃப்ட் 365 வணிகத் திட்டத்தின் சோதனைக் கணக்கைத் தொடங்கினால், அதனுடன் ஒரு பணி முகவரி கிடைக்கும். அங்கே வங்கி அட்டை விவரம் கேட்பார்கள் என்பதால், சோதனைக் காலம் முடியும் நாளைக் காலண்டரில் குறித்து வைத்து அதற்கு முன்பே ரத்து செய்துவிடுங்கள்.

அடுத்தது பெயர். நம் பக்கத்தில் தகப்பனார் பெயர் ஓர் அட்டையில் ஒற்றை எழுத்தாகவும், மற்றோர் அட்டையில் முழுப் பெயராக விரிந்தும், இன்னொன்றில் இல்லாமலும் இருக்கும். சான்றிதழ்க் கணக்கில் உள்ள பெயர், தேர்வன்று நீங்கள் காட்டும் அடையாள அட்டையில் உள்ள பெயரோடு பொருந்த வேண்டும். பொருந்தாவிட்டால் தேர்வு எழுத விடமாட்டார்கள். பாஸ்போர்ட் இருந்தால், அதில் உள்ளபடியே முதற்பெயரையும் குடும்பப் பெயரையும் பதிவு செய்வது நல்லது. இதைத் தேர்வுக்கு முந்தைய நாள் பார்ப்பதைவிட இன்றே பார்த்துவிடுவது மேல், ஏனெனில் பெயர் திருத்தத்துக்குச் சில நாட்கள் பிடிக்கக்கூடும்.

2. தேர்வின் திறன் பட்டியலை முதலில் அச்சிடுங்கள்

மைக்ரோசாஃப்ட் லேர்ன் தளத்தில் இத்தேர்வுக்கான படிப்பு வழிகாட்டி இலவசமாகக் கிடைக்கிறது. தேர்வில் கேட்கப்படும் திறன்கள் அதில் வரி வரியாக உள்ளன. அதை அச்சிட்டு, ஒவ்வொரு வரிக்கும் எதிரே மூன்று கட்டங்கள் வரையுங்கள்: படித்தேன், கையால் செய்தேன், மற்றவருக்கு விளக்கினேன். மூன்றாவது கட்டம் நிரம்பாத வரியை முடிந்ததாகக் கொள்ளாதீர்கள். பட்டியல் அவ்வப்போது மாற்றப்படுவதால், நண்பர் கொடுத்த பழைய அச்சை நம்ப வேண்டாம்.

3. முதல் வாரம் கணினியைத் திறக்காமல் காகிதத்தில் வேலை செய்யுங்கள்

இந்தப் படியைத் தாண்டிச் செல்ல விரும்பாதவர் அரிது. தாண்டிச் சென்றவர்களில் திரும்பி வராதவரும் அரிது. டேலியில் எஃப்8 அழுத்தி விற்பனை வவுச்சரைத் திறக்கும்போது, எந்த விற்பனை லெட்ஜர் என்பதை நீங்களே தேர்ந்தெடுக்கிறீர்கள். பிசினஸ் சென்ட்ரலில் சரக்கை விற்பவர் வாடிக்கையாளரையும் பொருளையும் மட்டுமே குறிப்பிடுகிறார். எந்தக் கணக்கில் தொகை விழ வேண்டும் என்பது முன்கூட்டியே செய்த அமைப்பில் தீர்மானமாகியிருக்கிறது. அந்த அமைப்பைப் புரிந்துகொள்ளாதவருக்குத் தேர்வின் நிதிப் பகுதி முழுவதும் புதிராகவே இருக்கும்.

ஒரு காலணி நிறுவனத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு தாளின் இடப்பக்கத்தில் உள்நாடு, ஏற்றுமதி என்று இரண்டு வரிசைகளும், மேலே காலணி, பதனிட்ட தோல், ஜாப் வொர்க் (பிறர் சரக்குக்குக் கூலிக்குச் செய்து தரும் வேலை) என்று மூன்று பத்திகளும் போடுங்கள். இடப்பக்கத்தில் இருப்பவை வாடிக்கையாளருக்குத் தரப்படும் ஜெனரல் பிசினஸ் போஸ்டிங் குரூப்; மேலே இருப்பவை பொருளுக்குத் தரப்படும் ஜெனரல் ப்ராடக்ட் போஸ்டிங் குரூப்; இரண்டும் சந்திக்கும் ஆறு கட்டங்களும் சேர்ந்ததே ஜெனரல் போஸ்டிங் செட்அப். ஒவ்வொரு கட்டத்திலும் விற்பனைக் கணக்கு எது, விற்ற சரக்கின் அடக்கச் செலவுக் கணக்கு எது என்று எழுதுங்கள். ஜாப் வொர்க் பத்தியில் அடக்கச் செலவுக் கணக்கு தேவைதானா என்று சிறிது நேரம் யோசியுங்கள். அந்த யோசனையிலேயே சரக்குக்கும் சேவைக்கும் உள்ள வேறுபாடு பிடிபட்டுவிடும்.

அதன் கீழே மேலும் இரண்டு வரிகளைச் சேருங்கள். வாடிக்கையாளரின் கஸ்டமர் போஸ்டிங் குரூப், வரவேண்டிய தொகை எந்தக் கணக்கில் நிற்கும் என்பதைச் சொல்கிறது. பொருளின் இன்வென்டரி போஸ்டிங் குரூப், சரக்கு இருக்கும் இடத்தோடு சேர்ந்து, சரக்கிருப்புக் கணக்கைச் சொல்கிறது. வரிக்கும் இதே போன்ற கட்டம் தனியாக உண்டு. ஏற்றுமதி வாடிக்கையாளருக்கு 200 ஜோடி காலணி விற்றால் எந்தெந்தக் கணக்கில் பற்று, எந்தெந்தக் கணக்கில் வரவு என்பதை இந்தத் தாளை மட்டும் பார்த்துச் சொல்ல முடிந்தால் அடுத்த படிக்குப் போகலாம்.

4. மாதிரி நிறுவனத்தில் ஒரே ஒரு ஆர்டரைப் பின்தொடருங்கள்

மென்பொருளைத் திறந்ததும் க்ரோனஸ் என்ற மாதிரி நிறுவனம் ஆயத்த விவரங்களோடு இருக்கும். இங்கே ஒவ்வொரு மெனுவாகத் திறந்து பார்ப்பதில் பொழுதைக் கழிக்காதீர்கள். ஒரு விற்பனை ஆர்டரை உருவாக்கி, போஸ்ட் செய்யும்போது (அதாவது நிலையான பதிவாக ஏற்றும்போது) சரக்கை அனுப்பியதைக் குறிக்கும் ஷிப் என்பதை மட்டும் தேர்ந்தெடுங்கள். பிறகு அந்தப் பொருளின் வரத்தையும் போக்கையும் காட்டும் ஐட்டம் லெட்ஜர் பதிவைப் பாருங்கள், எண்ணிக்கை குறைந்திருக்கும். வாடிக்கையாளரின் கணக்கைப் பாருங்கள். அங்கே எதுவும் ஏறியிருக்காது. இப்போது அதே ஆர்டரை இன்வாய்ஸ் செய்யுங்கள். வரவேண்டிய தொகையும் விற்பனையும் இப்போதுதான் பதிவாகும். சரக்கு நகர்வதும் பில் போடுவதும் இரண்டு தனி நிகழ்வுகள் என்பதைக் கண்ணால் பார்த்தவருக்கு, அதைப் பற்றிய கேள்வியை மூன்று விதமாகச் சுற்றிக் கேட்டாலும் குழப்பம் வராது.

போஸ்ட் ஆன இன்வாய்ஸிலிருந்து ஃபைண்ட் என்ட்ரீஸ் என்பதைத் திறந்தால், அந்த ஒரே ஆவணம் உண்டாக்கிய எல்லாப் பதிவுகளும் ஒரே பக்கத்தில் வரும். ஜெனரல் லெட்ஜர் பதிவு, வாடிக்கையாளர் லெட்ஜர் பதிவு, சரக்கு மதிப்புப் பதிவு ஆகியவற்றைக் குறிப்பேட்டில் கையால் எழுதி, உங்கள் காகிதக் கட்டத்தோடு ஒப்பிடுங்கள். கொள்முதலுக்கும் இதையே ஒருமுறை செய்யுங்கள்.

தவறான பதிவைத் திருத்துவதையும் இங்கேயே பழகிவிடுங்கள். டேலியில் வவுச்சரைத் திறந்து தொகையை மாற்றிப் பழகியவர்கள், போஸ்ட் ஆன இன்வாய்ஸில் மாற்றும் வழியைத் தேடித் தேடிச் சலித்துப் போகிறார்கள். இங்கே அப்படி ஒரு வழி இல்லை. போஸ்ட் ஆன இன்வாய்ஸை ரத்து செய்தால் அதற்கு எதிராக, அதன் தொகையை ஈடுகட்டும் கிரெடிட் மெமோ என்ற ஆவணம் உருவாகும். ஜர்னலில் நேரடியாகப் போட்ட பதிவுக்கு ரிவர்ஸ் வசதி உண்டு. ஆனால் அது இன்வாய்ஸ் வழியாக வந்த பதிவுக்குப் பொருந்தாது. இந்த வேறுபாட்டைத் தேர்வுக்கு வருபவர் கட்டாயம் அறிந்திருக்க வேண்டும்.

5. வெறுமையான நிறுவனத்தை உங்கள் கையால் கட்டுங்கள்

சொந்த நிறுவனத்தைத் தொடங்கி நிபந்தனைகளை ஏற்கும்போதுதான் 30 நாள் சோதனைக் காலம் எண்ணத் தொடங்குகிறது. முதல் நாளே ஆர்வத்தில் இதைத் தொடங்கிவிட்டு, பாடம் புரிவதற்குள் 20 நாட்களை இழந்தவர்கள் பலர். மேலே சொன்ன நான்கு படிகளும் முடிந்த பிறகே இதைத் தொடங்குங்கள்.

புதிய நிறுவனத்தை உருவாக்கும்போது, தரவு எதுவும் இல்லாத தேர்வையே எடுங்கள். ஆயத்த அமைப்போடு வரும் நிறுவனம் வேலைக்கு உதவும். கற்பவருக்கு உதவாது, ஏனெனில் எதைச் செய்யாமல் விட்டால் எது நிற்கும் என்பதை அது மறைத்துவிடுகிறது.

முதலில் கணக்குகளின் பட்டியலை உருவாக்குங்கள். மற்ற எல்லா அமைப்பும் ஏதேனும் ஒரு கணக்கு எண்ணைக் கேட்கும் என்பதால் இதுவே அடித்தளம். முப்பது கணக்குகள் போதும். உங்கள் நிறுவனத்தின் முந்நூறு லெட்ஜரையும் ஏற்ற முயல வேண்டாம். அடுத்து எண் வரிசைகள்: வாடிக்கையாளர், பொருள், ஆர்டர், போஸ்ட் ஆன இன்வாய்ஸ் ஒவ்வொன்றுக்கும் நம்பர் சீரீஸ் இல்லாமல், வாடிக்கையாளர் அல்லது பொருளின் விவரப் பக்கமான ஓர் அட்டையைக்கூட எளிதில் திறக்க முடியாது. பிறகு ஜெனரல் லெட்ஜர் செட்அப்பில், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை போஸ்ட் செய்யலாம் என்ற எல்லையைக் குறியுங்கள். அந்த எல்லையை ஒரு குறிப்பிட்ட பயனருக்கு மட்டும் யூசர் செட்அப்பில் தனியாகவும் வைக்கலாம். அப்போது பயனருக்கு வைத்ததே செல்லும். மாத முடிவில் கணக்கைப் பூட்டிவிட்டுத் தலைமைக் கணக்கருக்கு மட்டும் திறந்து வைக்கும் நம் அலுவலக வழக்கத்தை நினைத்துக்கொண்டால் இது மறக்காது.

இதன் பிறகு காகிதக் கட்டத்தில் எழுதிய குழுக்களையும் ஆறு சந்திப்புகளையும் அப்படியே உள்ளிடுங்கள். வரிக் கட்டத்தில் முதல் சுற்றுக்குப் பூஜ்ய விழுக்காட்டில் ஒரே ஒரு வரிசை வைத்து முன்னேறுங்கள், ஜி.எஸ்.டி. அமைப்பை இப்போதே தொட்டால் அதிலேயே ஒரு வாரம் கரைந்துவிடும். வாடிக்கையாளர் இருவர், நமக்குச் சரக்கு தருபவர் இருவர், பொருள் மூன்று, வங்கி ஒன்று உருவாக்கி, தொடக்க நிலுவைகளை ஜர்னல் வழியாக ஏற்றுங்கள். கடைசியாக, பதிவுகளைப் பிரிவுவாரியாகப் பிரித்துப் பார்க்க உதவும் அடையாளங்களான டைமென்ஷன்களுக்கு வாருங்கள். தொழிற்சாலைப் பிரிவு என்று ஒன்றும், ஏற்றுமதி நாடு என்று ஒன்றும் வைத்தால் போதும். குளோபல் டைமென்ஷன் இரண்டு; அவ்விரண்டையும் சேர்த்து ஷார்ட்கட் டைமென்ஷன் எட்டு. ஒரு வாடிக்கையாளருக்கு டைமென்ஷனைக் கட்டாயமாக்கிவிட்டு, அதை நிரப்பாமல் போஸ்ட் செய்து பாருங்கள்.

6. பிழைச் செய்திகளை ஒரு குறிப்பேட்டில் சேருங்கள்

வெறுமையான நிறுவனத்தில் முதல் இன்வாய்ஸ் ஒருபோதும் ஒரே முயற்சியில் போஸ்ட் ஆகாது. அதுவே இந்தப் பயிற்சியின் பயன்.

ஆம்பூரில் ஒரு காலணி நிறுவனத்தில் பணிபுரியும் பெண் ஒருவர், ஒரு மாலை முழுவதும் ஒரே பிழைச் செய்தியோடு போராடினார். ஜெனரல் போஸ்டிங் செட்அப் இல்லை என்றது அந்தச் செய்தி. தாம் எல்லாக் கட்டங்களையும் நிரப்பியிருப்பதாகச் சொல்லி, அந்தப் பக்கத்தை நான்கு முறை திறந்து காட்டினார். உண்மைதான், ஆறு வரிசைகளும் இருந்தன. செய்தியின் கடைசி வரியை மெதுவாகப் படிக்கச் சொன்னேன். பிசினஸ் குரூப்புக்கு எதிரே இரண்டு மேற்கோள் குறிகள் மட்டும் இருந்தன. அவற்றுக்கு நடுவே ஒன்றும் இல்லை. கட்டத்தில் குறையில்லை, வாடிக்கையாளரின் அட்டையில் அந்தக் குழுவையே அவர் நிரப்பவில்லை. அட்டையில் நிரப்பிய பிறகும் அதே பிழை வந்தது, ஏனெனில் ஏற்கெனவே தொடங்கிய இன்வாய்ஸ் பழைய வெற்று மதிப்பையே வைத்திருந்தது. அந்த இன்வாய்ஸை நீக்கிவிட்டுப் புதிதாகத் தொடங்கியதும் போஸ்ட் ஆயிற்று.

இந்த ஒரு மாலை, பத்து வீடியோக்களைவிட அவருக்கு அதிகம் கற்றுக்கொடுத்தது. ஒவ்வொரு பிழைக்கும் செய்தி, காரணம், திருத்திய இடம் என்று மூன்று வரிகள் எழுதி வையுங்கள். போஸ்ட் செய்வதற்கு முன் பிரிவியூ போஸ்டிங் பார்க்கும் வழக்கத்தையும் ஏற்படுத்திக்கொள்ளுங்கள். எதுவும் பதிவாகாமலேயே விளையப்போகும் பதிவுகளை அது காட்டும்.

7. சரக்கின் அடக்கவிலைக்குத் தனியாக ஒரு வாரம் ஒதுக்குங்கள்

பிசினஸ் சென்ட்ரலில் ஃபைஃபோ (முதலில் வாங்கியது முதலில் போவதாகக் கொள்வது), லைஃபோ (கடைசியில் வாங்கியது முதலில் போவதாகக் கொள்வது), ஆவரேஜ் (சராசரி), ஸ்பெசிஃபிக் (ஒவ்வொரு பொருளுக்கும் அதன் சொந்த விலை), ஸ்டாண்டர்ட் (முன்பே நிர்ணயித்த விலை) என்று ஐந்து முறைகள் உள்ளன. வரையறையை மட்டும் படித்தால் மறக்கும். எண்களைப் போட்டால் நிற்கும். பத்து தோல்களை ஒன்று 100 ரூபாய்க்கும், பிறகு பத்து தோல்களை ஒன்று 120 ரூபாய்க்கும் வாங்கி, பன்னிரண்டை விற்றதாகக் கொள்ளுங்கள். ஃபைஃபோவில் அடக்கச் செலவு 1,240 ரூபாய், லைஃபோவில் 1,400, ஆவரேஜில் 1,320. மூன்று பொருள்களை வெவ்வேறு முறையில் அமைத்து, இதே எண்களை உள்ளிட்டு, மென்பொருள் காட்டும் தொகையைச் சரிபாருங்கள்.

விற்ற பிறகும் அடக்கச் செலவு ஜெனரல் லெட்ஜரில் வரவில்லையே என்று பலர் திகைப்பார்கள். இன்வென்டரி செட்அப்பில் தானியங்கி அடக்கப் பதிவு இயக்கப்படாமல் இருந்தால், அதைத் தனிப் பணியாக இயக்க வேண்டும். இரண்டு நிலைகளிலும் செய்து பாருங்கள். பொருளுக்குப் பதிவுகள் ஏறிய பிறகு அதன் அடக்க முறையை மாற்ற இயலாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

8. பயிற்சித் தேர்வுகளைக் கடைசியில் வையுங்கள்

மைக்ரோசாஃப்ட் லேர்ன் தளத்தில் பயிற்சித் தேர்வு இலவசம். எத்தனை முறையும் எழுதலாம். சரியான விடை எது என்பதோடு நிறுத்தாமல், மற்ற மூன்று விடைகளும் ஏன் தவறு என்று ஒரு வரி எழுதுங்கள். அந்த ஒரு வரி எழுத வராத இடமே நீங்கள் திரும்பிச் செல்ல வேண்டிய இடம்.

டம்ப்ஸ் என்ற பெயரில் வாட்ஸ்அப் குழுக்களில் விற்கப்படும் வினாத் தொகுப்புகளை வாங்காதீர்கள். அவை தேர்வு ஒப்பந்தத்துக்கு எதிரானவை; கண்டறியப்பட்டால் சான்றிதழ் பறிக்கப்படுவதோடு இனித் தேர்வே எழுத முடியாத தடையும் வரலாம். அவற்றில் தவறான விடைகளும் மலிந்திருக்கும். தங்கள் மாதச் சம்பளத்தில் ஒரு பங்கை இதற்குச் செலவிடும் இளைஞர்களைப் பார்க்கும்போது எனக்கு மிகுந்த வருத்தமாக இருக்கிறது.

9. தேதியையும் இடத்தையும் முடிவு செய்தல்

நாள்தோறும் ஒரு மணி நேரம் ஒதுக்குபவருக்கு எட்டு முதல் பத்து வாரங்கள் ஆகும் என்பது என் அனுபவம். மாதந்தோறும் ஜி.எஸ்.டி. தாக்கல் செய்யும் நிறுவனங்களில் 11ஆம் தேதியும் 20ஆம் தேதியும் கழுத்தை நெரிக்கும் நாட்கள். ஆகவே தேர்வை 21க்கும் 28க்கும் இடையில் வைத்துக்கொள்ளுங்கள்.

பதிவு செய்வதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. இத்தேர்வு தமிழில் இல்லை. தேர்வு தம் மொழியில் கிடைக்காதவர்கள் கூடுதலாக 30 நிமிடங்கள் கேட்டு விண்ணப்பிக்கலாம். ஆனால் தேதியைப் பதிவு செய்வதற்கு முன்பே கேட்டு ஒப்புதல் பெற வேண்டும். இதை அறியாமல் பதிவு செய்துவிட்டு வருபவர்களே அதிகம்.

தேர்வை பியர்சன் வியூ நடத்துகிறது. வீட்டிலிருந்தும் எழுதலாம், தேர்வு மையத்துக்குச் சென்றும் எழுதலாம். வீட்டில் எழுத, கதவு சாத்திய தனி அறை, காலியான மேசை, ஒரே திரை, வெப்கேம் ஆகியவை தேவை. இடையில் யாரும் அறைக்குள் வரக்கூடாது. கேள்வியை முணுமுணுத்துப் படித்தாலும் கண்காணிப்பாளர் எச்சரிப்பார். நம்மில் பலருக்கு உதடசைத்துப் படிக்கும் வழக்கம் உண்டு என்பதால், பயிற்சித் தேர்விலேயே அதை விட்டுவிடப் பழகுங்கள். மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு மின்நிறுத்தம் உங்கள் பகுதிக்கு என்றைக்கு என்று நாளிதழில் பார்த்துக்கொள்ளுங்கள். மடிக்கணினியில் பேட்டரி இருந்தாலும் வைஃபை ரவுட்டர் அணைந்துவிடும், அதற்கும் யு.பி.எஸ். இணைப்பு வேண்டும்.

இரண்டு அறை வீட்டில் கூட்டுக் குடும்பமாக வசிப்பவர்கள் மையத்தைத் தேர்ந்தெடுப்பதே நல்லது. சென்னை மையம் கிடைத்தால், காட்பாடியிலிருந்து ரயிலில் சுமார் 130 கிலோமீட்டர். பிற்பகல் நேரத்தைக் கேட்டு வாங்குங்கள்.

10. தேர்வு எழுதும்போது

தேர்வு நேரம் 100 நிமிடங்கள். தேர்ச்சிக்கு 1000க்கு 700 மதிப்பெண் வேண்டும். இது அளவீட்டு மதிப்பெண் என்பதால் பத்துக்கு ஏழு கேள்விகள் என்று கணக்கிட வேண்டாம். தவறான விடைக்குக் கழிவு இல்லை. எனவே எந்தக் கேள்வியையும் வெறுமையாக விடாதீர்கள்.

ஒரே சூழலை வைத்து, இந்தத் தீர்வு சரியா என்று அடுத்தடுத்து வரும் ஆம், இல்லை கேள்விகளுக்கு விடையளித்த பின் திரும்பிச் செல்ல முடியாது. ஒரு நிறுவனத்தின் நிலைமையை விவரித்துக் கேட்கும் பகுதியும் அப்படித்தான். முடித்து வெளியேறினால் கதவு மூடிவிடும். அங்கே கேள்வியை முதலில் படித்துவிட்டு, பிறகு விவரத்தில் விடையைத் தேடுங்கள். முழு விவரத்தையும் படித்துவிட்டுக் கேள்விக்கு வருபவர்கள் நேரத்தை இழக்கிறார்கள்.

தேர்வின்போதே லேர்ன் தளத்தைத் திறந்து பார்க்க அனுமதி உண்டு. ஆனால் கடிகாரம் நிற்காது. ஒவ்வொரு கேள்விக்கும் தேடினால் பாதித் தேர்வுகூட முடியாது. முதல் சுற்றை உங்கள் அறிவைக் கொண்டே முடித்து, குறித்து வைத்த மூன்று நான்கு கேள்விகளுக்கு மட்டும் அதைப் பயன்படுத்துங்கள்.

11. முடிவு வந்த பிறகு

முதல் முயற்சியில் தேர்ச்சி பெறாவிட்டால் 24 மணி நேரம் கழித்து மீண்டும் எழுதலாம். அதற்குப் பிந்தைய ஒவ்வொரு முயற்சிக்கும் இடையே 14 நாட்கள் காத்திருக்க வேண்டும். 12 மாதங்களில் ஐந்து முயற்சிகள் வரை அனுமதி. மறுநாளே எழுத முடியும் என்பதற்காக மறுநாளே எழுதாதீர்கள். மதிப்பெண் அறிக்கையில் எந்தப் பகுதி தாழ்ந்திருக்கிறது என்று பார்த்து, அந்தப் பகுதியை வெறுமையான நிறுவனத்தில் மறுபடி கட்டிய பிறகு தேதி குறியுங்கள்.

தேர்ச்சி பெற்றவரின் சான்றிதழ் ஓராண்டுக்குச் செல்லும். காலாவதிக்கு ஆறு மாதங்களுக்கு முன்பிருந்தே லேர்ன் தளத்தில் கட்டணமின்றிப் புதுப்பிப்புத் தேர்வை எழுதலாம். காலாவதி நாளைத் தவறவிட்டால் முழுத் தேர்வையும் கட்டணம் செலுத்தி மறுபடி எழுத வேண்டியிருக்கும் என்பதால், தேர்ச்சி பெற்ற அன்றே அந்த நாளையும் காலண்டரில் குறித்துவிடுங்கள்.